வேலையில் சேர்ந்த தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதில் மறுப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அறிவித்த கூலி தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு மேசையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அந்த மேசையில் 22 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே நடப்பதை யாரும் எழுதிப் படித்ததில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது. முடிந்தவரை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தூய்மைப் பணியாளர்களை அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளப் பதிவேடு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் சூப்பர்வைசர் அனுப்பும் மஸ்டரை, அதாவது வருகைப் பட்டியலை வாங்கி, நாள் கணக்குப் போட்டு, ஓவர்டைம் சேர்த்து, முன்பணத்தைக் கழித்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் நீள நோட்டில் எழுதினேன், அப்புறம் கணினியில். நிறுவனத்தின் பெயரையும் என் பெயரையும் இங்கே எழுதவில்லை. இன்னும் அங்கே வேலை செய்கிறவர்களை நான் அடையாளம் காட்டிவிடக் கூடாது, அது ஒன்றுதான் காரணம்.

சம்பளப் பதிவேட்டில் பெயர், வயது, பணி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அதில் ஒன்று 'வேலையில் சேர்ந்த தேதி'. மற்றக் கட்டங்களை நிரப்பும்போது கை நிற்காது. இந்தக் கட்டத்தில்தான் ஒவ்வொரு முறையும் எனக்குக் கை நின்றது.

எப்படி என்று சொல்கிறேன். தூய்மைப் பணி ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, சில இடங்களில் மூன்று ஆண்டு. முடிந்ததும் மறுபடி டெண்டர். வேறொரு நிறுவனம் குறைத்துக் கேட்டு எடுத்துக்கொள்ளும், அல்லது வேறொருவரிடம் இருந்ததை எங்கள் நிறுவனம் எடுக்கும். நிறுவனம் மாறுமே தவிர அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் மாறுவதில்லை. எந்தக் கழிவறையில் எந்தக் குழாய் ஒழுகும், எந்த வார்டில் ராத்திரி எத்தனை மணிக்குத் தரை துடைத்தால் நோயாளிக்கு இடைஞ்சல் இருக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை விட்டுவிட்டுப் புது ஆட்களை வைத்து ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது என்று எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். ஆகவே ஒப்பந்தம் முடிகிற மாதத்தின் கடைசி நாள் ராத்திரி பழைய சீருடையைக் கழற்றிக் கணக்குக் கொடுப்பார்கள். முதல் தேதி காலை 6 மணிக்குப் புதுச் சீருடை. நீலம் போய்ப் பச்சை வரும், பச்சை போய்ப் பழுப்பு வரும். வாளியும் மாப்பும்கூட பல நேரம் பழையதுதான். சேர்ந்த தேதி மட்டும் புதியது.

அந்தத் தேதியைப் புதிதாக எழுத வேண்டுமானால் பழையது முடிந்ததாகக் காகிதம் வேண்டும் அல்லவா? 'என் சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு கடிதம். நூறு பேர் என்றால் நூறு கடிதம், எல்லாம் ஒரே வாசகம், ஒரே தேதி. அவற்றை அச்சடித்து அடுக்கி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தவன் நான்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களிடம் "புதுக் கம்பெனிக்கு மாத்துறதுக்கு" என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தோடு அவர்களிடமிருந்து என்ன போகிறது என்பதை நான் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

என்னவெல்லாம் போகிறது? முதலில், ஆண்டுக்கு ஆண்டு சேர்கிற சிறு சம்பள உயர்வு. புதிதாகச் சேர்ந்தவர் என்றால் தொடக்கக் கூலி. அடுத்து விடுப்பு, பணிக்கொடை என்று பணிக்காலத்தை வைத்து வருகிற எல்லாமே. சேமித்து வைத்த விடுப்பு நாட்கள் ஒரே ராத்திரியில் இல்லாமல் போகும். எடுக்காத விடுப்புக்குப் பணம் கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் அவ்வப்போது பேசுகிறார்கள். நான் சொல்ல வந்தது இன்னொன்று. அனுபவமும் போய்விடுகிறது. அதாவது, அனுபவத்துக்கான சாட்சியம்.

ஒரு மருத்துவமனையில் வேலை செய்த அக்கா ஒருவரைப் பற்றி எழுதினால் இது விளங்கும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அறுவை சிகிச்சை அரங்கைச் சுத்தம் செய்வது சாதாரண வேலை இல்லை. எந்தத் திரவத்தை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும், எதை எதோடு கலக்கக் கூடாது, ரத்தம் சிந்திய இடத்தை எந்த வரிசையில் துடைக்க வேண்டும், எந்தக் கழிவு எந்த நிறப் பையில் போக வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அந்த அக்காவுக்கு அது எல்லாம் கைப்பழக்கமாக இருந்தது. புதிதாக வரும் நர்சுகள்கூட அவரிடம் கேட்டுக்கொள்வார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் அவருக்கு 16 ஆண்டுகள். அதற்குள் ஆறு ஒப்பந்தங்கள், நான்கு நிறுவனங்கள். எங்கள் நிறுவனமே நடுவில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் அந்த வேலையை எடுத்தது. அவரிடம் ஆறு அடையாள அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சேர்ந்த தேதி.

ஒரு நாள் சூப்பர்வைசர் பதவி ஒன்று காலியானது. சம்பளம் ஒன்றரை மடங்கு. மருத்துவமனையில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், அதற்கு ஆவணம் வேண்டும் என்று நிபந்தனை. அந்த அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, நான் இந்தக் கட்டடத்துல பதினாறு வருசமா இருக்கேன்ல. அது எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஏழு மாதம் என்று இருந்தது. அந்தத் தேதியை எழுதியது என் கைதான். எங்கள் நிறுவனத்தின் பழைய கட்டுகளைத் தேடினேன். முன்பு எங்களிடம் வேலை செய்த மூன்று ஆண்டுகள் அதில் இருந்தன, ஆனால் 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்ற கடிதத்தோடு முடிந்திருந்தன. மற்ற நிறுவனங்களின் பதிவேடு எங்கே இருக்கிறதோ, அவற்றில் ஒன்று மூடப்பட்டுவிட்டது. மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்டால், அவர் எங்கள் பணியாளர் அல்ல, ஒப்பந்ததாரரின் பணியாளர், எங்களால் சான்று தர முடியாது என்றார்கள். 16 ஆண்டுகள் அவர்களுடைய தரையைத் துடைத்தவர் அவர்கள் ஏட்டில் எங்குமே இல்லை.

அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். வேறொரு மருத்துவமனையில் நேரடிப் பணியில் இருந்தவர், கையில் சான்றிதழ் இருந்தது. நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரம் அவருக்கு மாடி மாடியாக வேலையைக் காட்டிக் கொடுத்தது அந்த அக்காதான்.

குறைந்த வருமானத் தொழிலாளிகளுக்கு வேலை வாய்ப்பைப் பெருக்க வேண்டும் என்று பேசும்போது பயிற்சி கொடுங்கள், திறன் வளர்ப்பு மையம் திறங்கள் என்கிறோம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே திறன் உள்ளவரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கற்றுக்குட்டி ஆக்கிவிட்டு, பிறகு அவருக்குப் பயிற்சி கொடுக்கப் பணம் ஒதுக்குவதில் என்ன நியாயம் இருக்கிறது? முதலில் அவர் கற்றதை அவர் கணக்கில் வையுங்கள்.

சரி, இதற்கெல்லாம் ஒப்பந்த முதலாளியின் பேராசைதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் முதலாளியை நான் அருகிலிருந்து பார்த்தவன். மருத்துவமனை நான்கு மாதம் பில் தொகையைக் கொடுக்காமல் இழுத்தபோது, வீட்டை அடமானம் வைத்துச் சம்பளம் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் டெண்டரில் அவர் என்ன விலை எழுத முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள். தூய்மைப் பணியில் செலவு என்பது பெரும்பாலும் ஆள் சம்பளம். மாப், வாளி, திரவங்கள், கையுறை எல்லாம் சேர்த்தாலும் சிறு பங்குதான். ஐந்து நிறுவனங்கள் விலை கொடுத்து அதில் மிகக் குறைந்த விலைக்கு வேலை போகும் என்றால், அந்தக் குறைவு சம்பளத்திலிருந்துதான் வர முடியும். வேறு இடம் இல்லை.

அது எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் சொன்ன நாள் கூலியை யாரும் ஏட்டில் குறைத்து எழுத மாட்டார்கள். ஆளைக் குறைப்பார்கள். 14 பேர் பார்த்த ஐந்து மாடிகளை அடுத்த ஒப்பந்தத்தில் 11 பேர் பார்ப்பார்கள். மாடியின் அளவு மாறாது. அல்லது நேரத்தைக் குறைப்பார்கள். எட்டு மணி நேர ஷிப்ட் ஏட்டில் ஏழு மணி நேரமாகும், வேலை அப்படியே இருக்கும். இன்னொன்று, ஷிப்ட் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்னால் வந்து சீருடை மாற்றி, பொருட்களை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அது எந்தக் கணக்கிலும் வராது. மாதம் 26 நாள் என்றால் 520 நிமிடம், அதாவது எட்டரை மணி நேரத்துக்கும் மேல். மாதம் ஒரு முழு நாள் வேலை, கூலி இல்லாமல். ஆண்டுக்கு 12 நாள். நூறு பேர் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, நோட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குறைந்தபட்சக் கூலி உயர்ந்த மாதங்களில் இது இன்னும் நெருக்கும். கூலி உயரும், ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தத் தொகை உயராது. வித்தியாசத்தை யார் தருவது என்று கட்டட உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடக்கும். அது முடிவதற்குள் ஷிப்ட் சுருங்கியிருக்கும். இதைப் பார்த்துவிட்டு, கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் விசாரித்தார்கள். கூலி உயர்ந்த பக்கத்தில் வேலை குறைந்ததற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. 1994இல் வெளியான அந்த ஆய்வைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய இந்த வகை ஆய்வுகள்தாம் முக்கியமாகச் சொல்லப்பட்டன. குரூகர் 2019இல் இறந்துவிட்டார்.

ஆனால் அந்த உணவகங்களில் ஒரு வசதி இருக்கிறது. ஆளை வைத்தவரும் கூலி கொடுப்பவரும் ஒருவரே. கூலி உயர்ந்தால் அவர் விலையைச் சற்று ஏற்றலாம், லாபத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஒப்பந்த வேலையில் அப்படி இல்லை. வேலையின் பயன் ஒருவருக்கு, சம்பளப் பொறுப்பு இன்னொருவருக்கு. நடுவில் ஒரு விலை இறுகி நிற்கிறது. உயர்வு வந்து அந்த விலையில் முட்டிக்கொள்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தூய்மைப் பணியாளர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். 1990இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒப்பந்த நிறுவனத்தோடு நிற்காமல், செஞ்சுரி சிட்டி என்ற அலுவலகப் பகுதியில் தாங்கள் சுத்தம் செய்த உயரமான கட்டடங்களின் வாசலுக்கே போய் நின்றார்கள். அந்த ஆண்டு ஜூன் 15 அன்று ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்தது. அதைப் படம் எடுத்தவர்கள் இருந்தார்கள், நாடே பார்த்தது. சில நாட்களில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றும் ஜூன் 15ஐத் தூய்மைப் பணியாளர்களின் நாளாக அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒப்பந்த விலையில் கூலியைப் பந்தயப் பொருள் ஆக்கக் கூடாது என்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1891இலேயே பிரிட்டனின் மக்களவை நியாயக் கூலித் தீர்மானம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அரசு ஒப்பந்தம் எடுப்பவர் அந்தத் தொழிலில் வழக்கமாக உள்ள கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1949இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 94ஆம் உடன்படிக்கையில் இதையே உலகத்துக்கான விதியாக எழுதியது. அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு அந்தப் பகுதியில் அந்தத் தொழிலுக்கு உள்ளதைவிடக் குறைந்த கூலி கொடுக்கக் கூடாது என்கிறது அது. பிரிட்டன் தன்னுடைய தீர்மானத்தை 1983இல் ரத்து செய்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் அங்கே மருத்துவமனைத் தூய்மைப் பணிகளும் டெண்டருக்குப் போயின. இரண்டும் ஒன்றாக நடந்ததைப் படித்தபோது, என் பதிவேட்டின் கதையை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

ஆனால் அதே பிரிட்டனில்தான் நான் தேடிக்கொண்டிருந்த விதியும் இருக்கிறது. ஒரு தொழில் கைமாறும்போது அதிலுள்ள தொழிலாளிகளின் உரிமைகளும் கூடவே கைமாற வேண்டும் என்று இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் 1977இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. பிரிட்டன் அதை 1981இல் தன் விதிகளில் சேர்த்தது. தொழில் கைமாறுவது வேறு, ஒப்பந்ததாரர் மாறுவது வேறு என்று வாதாடிப் பல நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2006இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது, ஒரு சேவையின் ஒப்பந்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனாலும் இது பொருந்தும் என்று வெளிப்படையாகவே சேர்த்துவிட்டார்கள். ஆகவே அங்கே ஒரு கட்டடத்தைச் சுத்தம் செய்யும் குழு புது நிறுவனத்துக்குப் போகும்போது பழைய சம்பளம், பழைய விடுப்பு, பழைய சேர்ந்த தேதி எல்லாம் கூடவே போகின்றன. அதையும் ஏய்க்க வழி தேடுகிறவர்கள் இருப்பார்கள். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எங்கள் பதிவேட்டுக்கும் இருந்திருந்தால், அக்காவின் கட்டத்தில் நான் வேறு தேதி எழுதியிருப்பேன்.

ஒரு நகராட்சிகூட இதைத் தொடங்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் உதாரணம். தேவாலயங்கள் நடத்திய இலவச உணவுக் கூடங்களில் வேலை இல்லாதவர்கள் மட்டுமல்ல, வேலைக்குப் போகிறவர்களும் வரிசையில் நிற்பதைப் பாதிரியார்கள் கவனித்தார்கள். அவர்களில் நகராட்சி ஒப்பந்த வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அங்கிருந்து தொடங்கிய இயக்கத்தால் 1994இல் நகர மன்றம் விதி கொண்டுவந்தது. நகராட்சியின் ஒப்பந்த வேலை எடுப்பவர் வாழ்வதற்குப் போதுமான கூலி தர வேண்டும், நாட்டின் குறைந்தபட்சக் கூலி மட்டும் போதாது என்று. பிறகு பல நகரங்கள் இதைப் பின்பற்றின.

வேலை வாய்ப்புக்கும் கூலிக்கும் ஒரே ஏணி போட்ட இடம் என்றால் எனக்குத் தெரிந்து சிங்கப்பூர். 2014 முதல் அங்கே தூய்மைப் பணி நிறுவனம் உரிமம் வாங்க வேண்டுமென்றால் படிப்படியான ஊதிய முறையைப் பின்பற்ற வேண்டும். சாதாரணப் பணியாளர், பல வேலை தெரிந்தவர் அல்லது இயந்திரம் இயக்குபவர், மேற்பார்வையாளர் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, பயிற்சி இது என்று எழுதப்பட்டிருக்கிறது. எந்த நிறுவனம் டெண்டர் கொடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. ஆக, போட்டி வேறு எதில் வேண்டுமானாலும் நடக்கலாம், சம்பளத்தில் நடக்க முடியாது. அந்த முறையிலும் குறை இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அந்தப் படிகள். வெளிநாட்டிலிருந்து போய் அதே தரையைத் துடைக்கிறவருக்கு இல்லை. வேலை ஒன்றாக இருக்கும்போது படி மட்டும் இரண்டாக இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலுவலகக் கட்டடங்களில் தூய்மை வேலை விடியற்காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் என்று உடைந்து கிடக்கிறது. உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படாமல் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நடுவில் உள்ள எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வர வண்டிச் செலவு கட்டாது, வேறு வேலைக்குப் போனால் திரும்பி வர நேரம் போதாது. முழு நாள் கெட்டு ஆறு மணி நேரக் கூலி. பகலிலேயே, ஆட்கள் இருக்கும்போதே, தொடர்ச்சியான ஒரு ஷிப்டில் வேலை செய்யவைத்த ஒரு அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. எங்கள் பணியாளர்களுக்கு முழு ஷிப்ட் கிடைத்தது. அப்புறம் ஒன்று நடந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாடியில் இருந்தவர்களுக்கு அவர்கள் பெயர் தெரிய ஆரம்பித்தது. சம்பளம் தாமதமான ஒரு மாதம், அந்த அலுவலக ஊழியர்களே எங்களுக்குப் போன் செய்து ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டார்கள். 22 ஆண்டுகளில் அப்படிக் கேட்டு வந்த போன் அது ஒன்றுதான்.

செலவு கூடுமே என்பார்கள். கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போதும் அந்தச் செலவு இருக்கத்தான் செய்கிறது, அதைப் பணியாளர் தன் விடுப்பாகவும் தன் 20 நிமிடமாகவும் தன் வயதாகவும் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கட்டுவதைக் கட்டடத்தின் பில்லில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டம் வரட்டும், அதற்குத் தாங்கள் தொடர்ந்து எழுதுங்கள். டெண்டரில் ஆள் சம்பளத்தைத் தனியாக ஒதுக்கி வைத்து, அதில் யாரும் குறைத்துக் கேட்க முடியாதபடி செய்ய வேண்டும். கூலி உயர்ந்தால் ஒப்பந்தத் தொகையும் தானாக உயர வேண்டும். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டு கையில் கிடைக்க வேண்டும், நாளும் நேரமும் பிடித்தமும் அதில் இருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95ஆம் உடன்படிக்கை 1949இலேயே சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எங்கள் பணியாளர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு சீட்டைப் பார்த்ததே இல்லை.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது. தங்கள் வாசகர்களில் நிர்வாக அலுவலர்கள் இருப்பார்கள், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள், கல்லூரி முதல்வர்கள் இருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள்தாம். ஒப்பந்தத்தோடு பணியாளர் பட்டியல் ஒன்று இணைப்பாக வரும். அதில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்: 'இந்தக் கட்டடத்தில் முதன்முதலாக வேலைக்கு வந்த தேதி'. ஒப்பந்ததாரர் எத்தனை முறை மாறினாலும் அந்தக் கட்டம் அப்படியே அடுத்த பட்டியலுக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். யாராவது சான்று கேட்டு வந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, எந்த மேலிடத்து அனுமதியும் தேவைப்படாது.

வேலையை விட்டு வந்த பிறகு, அந்த அக்காவுக்கு நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எந்தெந்த ஆண்டு எந்தெந்த நிறுவனத்தின் கீழ் அங்கே வேலை செய்தார், என்னென்ன வேலை தெரியும் என்று ஆறு அடையாள அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். வேறொரு மருத்துவமனையில் அதைக் காட்டினார். நிறுவனத்தின் முத்திரை இல்லாத காகிதம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதத்தோடு அவருடைய கட்டடத்தில் இப்போதைய ஒப்பந்தமும் முடிகிறது.

இப்படிக்கு,
சம்பளப் பதிவேடு எழுதிய ஒரு வாசகன்